சிரிப்பதற்கு முன் மூன்று கேள்விகள்
(நாளிதழ்க் கேலிச்சித்திரங்களின் நகைச்சுவையைப் புரிந்துகொள்ளல்)

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று நம் பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஒரு முறை வாய்விட்டுச் சிரித்ததால் மனத்தில் ஒரு சிறு உறுத்தலைப் பல ஆண்டுகளாகச் சுமந்து கொண்டிருப்பவள் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

நான் கெடா மாநிலத்தில், பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். தாத்தா பால் வெட்டிய ரப்பர்க் காடு என் காலத்தில் செம்பனையாகிவிட்டது. ஆறாம் ஆண்டு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பிறகு பட்டணத்தில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளி. 2018ஆம் ஆண்டில் நான் படிவம் மூன்றில் இருந்தேன். அவ்வாண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்து போனார்கள். நாளிதழ்களில் தினமும் அதுதான் செய்தி.

அந்தச் சமயத்தில் எங்கள் வகுப்பில் ஒரு போட்டி நடந்தது. நடப்புச் செய்தி ஒன்றை எடுத்துக் கேலிச்சித்திரம் வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நன்றாக வரையக்கூடிய ஒரு மாணவன் இந்தச் செய்தியையே எடுத்துக்கொண்டான். தடித்த மீசை, நெற்றி நிறைய திருநீற்றுப் பட்டை, முன்தள்ளிய வயிறு, கையில் போத்தல். இப்படி ஓர் ஆள். பக்கத்தில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து கொண்டு நிற்கிறது. 'வண்டி கொஞ்சம் நிற்கட்டும், பாதிப் போத்தல் மிச்சமிருக்கிறது' என்று அந்த ஆள் மலாயில் சொல்கிறார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

அன்று மாலை வீட்டில் அந்தப் படத்தை என் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து தாத்தாவிடம் காட்டினேன். அவர் 'தமிழ் நேசன்' படித்துக் கொண்டிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"செத்தது யாரும்மா?" என்று கேட்டார்.

நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் என்று படித்ததைச் சொன்னேன்.

"அப்புறம் படத்துல ஏன் நாம இருக்கோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வரைந்த மாணவன் என் நண்பன்தான். கெட்ட எண்ணத்தோடு வரைந்தவன் அல்லன். ஆகவே இது அவன்மீது குறைசொல்லும் கட்டுரை அன்று. புரியாமல் சிரித்த என்னைப் பற்றியது. ஒரு கேலிச்சித்திரத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கவிதையைப் பொருள் பிரித்துப் படித்தோம். சிறுகதைக்குக் கருப்பொருள் எழுதினோம். கேலிச்சித்திரத்தை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

நகைக்கு இலக்கணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது நகை. அந்த நகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, பிறர் சொன்னதை அப்படியே பிடித்துக் கொண்டு விடாமல் இருப்பது என்று உரைகாரர் விளக்குவர்.

நாளிதழ்க் கேலிச்சித்திரத்தில் நான்கும் வரும். ஆனாலும் அதன் அடிப்படை எள்ளல்தான். மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவது மற்றொன்று. இரண்டாம் ஆண்டில் இந்த உரைப்பகுதியைப் படித்தபோது எனக்கு அந்த அறிவிப்புப் பலகைதான் நினைவுக்கு வந்தது. வகுப்பில் மற்றவர்கள் சிரித்தது முதல் வகை. நான் சிரித்தது இரண்டாம் வகை. அதைக்கூட நான் அறிந்திருக்கவில்லை.

கோட்டில் வைத்த பட்டப்பெயர்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கேலிச்சித்திரத்தின் உத்தி புதிதல்ல. எங்கள் லயத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. ஒருவருடைய நடையிலோ பேச்சிலோ உடம்பிலோ ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்து, அதைப் பெரிதாக்கி, அதையே பெயராக்கிவிடுவார்கள். கேலிச்சித்திரக்காரரும் அதையேதான் செய்கிறார். நூறு அடையாளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மிகைப்படுத்துகிறார். அந்தத் தேர்வில்தான் அவருடைய கருத்து இருக்கிறது.

பட்டப்பெயரில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த ஆளைத் தெரியாதவருக்கு அது வேடிக்கையாக இராது. கேலிச்சித்திரமும் அப்படியே. பாதியைத்தான் ஓவியர் வரைகிறார். மீதிப் பாதியை வாசகர் தம் அறிவிலிருந்து சேர்க்க வேண்டும். பாரதியார் இதை நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த 'இந்தியா' வார இதழ் தமிழில் அரசியல் கருத்துப்படங்களுக்கு வழிகாட்டியது. அவ்விதழில் படத்தோடு அதற்கான விளக்கமும் எழுதப்பட்டது. அந்தக் கலை தமிழ் வாசகருக்குப் புதிது என்பதால், அவர் சேர்க்க வேண்டிய பாதியையும் இதழே கொடுத்தது. இன்றைய நாளிதழ்கள் அப்படி விளக்கம் தருவதில்லை. எனவே நாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: செய்தி என்ன?

கேலிச்சித்திரம் அன்றைய செய்தியின் தோளில் ஏறி நிற்பது. செய்தி மறந்துவிட்டால் படமும் ஊமையாகிவிடும். பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டும்போது செய்திகள் புரிகின்றன, கேலிச்சித்திரங்கள் புரிவதில்லை. காரணம் இதுதான்.

சில படங்களுக்குக் குறிப்பிட்ட செய்தி வேண்டியதில்லை. மக்களிடையே நிலவும் எண்ணமே போதும். 1987 மார்ச் மாதம் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த நகைச்சுவை இதற்கு நல்ல சான்று. மேடையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர், இவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று கேட்கிறார். ஜேப்படிக்காரர் போலத் தெரிபவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரர் போலத் தெரிபவர் அமைச்சர் என்று பதில் வருகிறது.

இதில் எங்கே சிரிப்பு? அரசியல்வாதிகள் திருடர்கள் என்று அப்படம் எங்குமே வாதிடவில்லை. கேட்டவரும் சொன்னவரும் அதை முன்பே ஒப்புக்கொண்டவர்கள் போலப் பேசுகிறார்கள். திருட்டின் அளவில் மட்டுமே ஐயம். சொல்லாமல் விட்ட அந்த முதற் படியை நம் மனமே தாண்டிவிடுகிறது. அதனால்தான் மறுத்துப் பேசவும் முடிவதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் இதை உரிமை மீறல் என்று கருதியது. சபாநாயகர் பி.எச். பாண்டியன், ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். அந்தக் கைது செல்லாது என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாம் கேள்வி: குறியீடு எது?

ஓவியருக்கு இடம் குறைவு. ஆகவே தராசு என்றால் நீதி, நாற்காலி என்றால் பதவி, பானை வயிறு என்றால் பேராசை என்று குறியீடுகளைக் கொண்டு பேசுகிறார். குறியீடு என்பது ஓவியரும் வாசகரும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை போன்றது. காலம் மாறினால் அந்த உடன்படிக்கையும் மாறும்.

இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான சங்கர் 1949இல் வரைந்த படம் ஒன்றைப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டம் எழுதும் பணி 1946 டிசம்பரில் தொடங்கி நீண்டுகொண்டே போன காலம் அது. சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் டாக்டர் அம்பேத்கர் கையில் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அன்றைய வாசகருக்கு நத்தைதான் முதன்மையான குறியீடு. இருவரும் சேர்ந்து விரட்டியும் நத்தை நகரவில்லை என்று அவர்கள் படித்தார்கள்.

அதே படம் இந்தியாவின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். பெரும் வாக்குவாதத்திற்குப் பிறகு படத்தை நீக்குவதாக அரசு அறிவித்தது. இந்தத் தலைமுறையின் கண்ணில் முதலில் பட்டது நத்தை அன்று, சாட்டை. காலங்காலமாக ஒடுக்கப்பட்ட சமுதாயத்தின் தலைவர் முன்னே. அவருக்குப் பின்னால் ஓங்கிய சாட்டையோடு ஓர் உயர்சாதிக்காரர். அந்தச் சாட்டை நத்தைக்குத்தான் என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் சாட்டையின் நினைவை உடம்பில் வைத்திருக்கும் மக்களுக்கு அந்த விளக்கம் போதுமா? கங்காணியின் கைத்தடியைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத ஒன்றல்ல. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. வாசகர் கொண்டுவந்த பாதி மாறிவிட்டது.

மூன்றாம் கேள்வி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

முதல் இரண்டு கேள்விகளும் நகைச்சுவையை விளங்கிக்கொள்ள உதவும். மூன்றாவது, அதை எடைபோட உதவும். எள்ளல் மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 'விகடன்' அட்டையின் எள்ளல் அதிகாரத்தை நோக்கி மேலே போனது. அதற்கு விலையாகச் சிறை கிடைத்தது. கீழ்நோக்கிப் போகும் எள்ளலுக்குப் பெரும்பாலும் கைதட்டல்தான் கிடைக்கிறது. எள்ளப்படுபவரும் சேர்ந்து கைதட்டிவிட்டால் கேட்க ஆளே இல்லை.

அப்படியென்றால் ஓர் இனத்தை, ஓர் ஊரைக் கேலியாக வரையவே கூடாதா? நம் நாட்டின் லாட் இதற்கு விடையாக இருக்கிறார். 1951இல் பேராக்கில் பிறந்த முகமட் நோர் காலிட்தான் லாட். 'நியூ ஸ்ட்ரேய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழில் மலேசியர்களின் வாழ்க்கையை வரைந்தவர். 1979இல் வந்த 'கம்போங் பாய்' நூலில் அவர் முதலில் கேலி செய்வது தம்மையே. கலைந்த தலைமுடியும் மூன்று வளைவு மூக்குமாக ஒரு கம்பத்துப் பையன் நம் முன் நிற்கிறான். தம்மையும் தம் கம்பத்தையும் உள்ளிருந்து அறிந்த ஒருவரின் கேலி அது. அதனால்தான் அதில் அன்பு இருக்கிறது. கம்பத்தில் பிறவாத நாமும் அதில் நம் தோட்டத்தைக் காண்கிறோம். பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை எள்ளலை இங்கே ஒருவர் தாமாகவே விரும்பி ஏற்கிறார். அன்று வகுப்பில் எனக்கு வந்த சிரிப்பு அத்தகையது அன்று. சிரிக்காவிட்டால் தனித்து நிற்க வேண்டுமே என்ற அச்சத்தில் வந்தது.

மீண்டும் அந்தப் படம்

இப்போது மூன்று கேள்விகளையும் என் வகுப்புப் படத்திடம் கேட்போம். செய்தி என்ன? விஷ மதுவால் நேர்ந்த மரணங்கள். மாண்டவர்களில் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். குறியீடு எது? போத்தலும் மீசையும் திருநீறும். செய்திக்கும் குறியீட்டுக்கும் தொடர்பே இல்லை. செய்தி ஒருவரைப் பற்றியது. படம் இன்னொருவரைப் பற்றியது. 'குடி என்றால் இந்தியர்' என்ற பழைய உடன்படிக்கை ஒன்று ஏற்கெனவே இருந்ததால்தான் யாருக்கும் அந்த முரண் தெரியவில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பு? விஷத்தை விற்றவரைப் பார்த்தா? இல்லை. இறந்தவர்களைப் பார்த்தும், இறக்காத எங்களைப் பார்த்தும்.

அந்த உடன்படிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை உரிமத்தோடு நடந்தது. சம்பளமாகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போனது. இது பலருக்கும் தெரியும். ஆனால், போருக்குப் பிறகு 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் 'தொண்டர் படை' என்ற இளைஞர் இயக்கம் எழுந்து, அந்தக் கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடியது எனக்குத் தெரியாது. அதற்குத் தலைமை தாங்கியவர் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி. எங்கள் ஊர்! கள்ளை எதிர்த்துத் தோட்டத் தமிழர்கள் எழுந்து நின்ற அதே ஊரில் அமர்ந்து கொண்டு, போத்தலோடு வரைந்த தமிழனைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இதைப் பெரிய கண்டுபிடிப்பாகத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"தெரியுமே. எங்கப்பாவையே அவங்க புடிச்சு நிறுத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் அவரு கள்ளைப் பால் வாளியில ஊத்தி, மரத்துப் பாலுன்னு சொல்லித் தூக்கிட்டு வருவாராம். ரெண்டும் வெள்ளைதானே!"

நானும் சிரித்தேன். நெடுநேரம் சிரித்தோம். பொருள் அதே குடிதான். ஆளும் தோட்டத்துத் தமிழர்தான். ஆனால் இந்தச் சிரிப்பில் எனக்கு உறுத்தல் இல்லை. அந்த வாளியைச் சுமந்தவர் யார், எந்த வெயிலில் வேலை செய்தவர், எதை மறக்கக் குடித்தவர் என்பதெல்லாம் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். "ஏன் தாத்தா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீ படத்தைத்தானே காட்டுன, கதையைக் கேக்கலியே" என்றார்.

ஒரு பயிற்சி

பாடம் என்றால் பயிற்சி வேண்டுமல்லவா? 2021 ஜனவரியில் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, கெடா மந்திரி புசார் முகமட் சனுசி அவ்வாண்டுத் தைப்பூச விடுமுறையை ரத்து செய்தார். சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது எப்படி இருந்தது என்று கெடா வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிவைக் கண்டித்துக் கேலிச்சித்திரம் வரைந்தவர் சூனார். இவர் 1962இல் கெடாவின் பெண்டாங்கில் பிறந்தவர். 2015இல் தம் டுவிட்டர் பதிவுகளுக்காக ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டு 2018இல் விடுபட்டவர். இந்தத் தைப்பூசப் படத்திற்காகவும் 2021 மே மாதம் காவல்துறை அவரை விசாரித்தது. நம் திருவிழாவுக்காக ஒரு மலாய் ஓவியர் விசாரணைக்குப் போனதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தப் படத்தைத் தேடி எடுங்கள். செய்தி என்ன, குறியீடு எது, யாரைப் பார்த்துச் சிரிப்பு என்று மூன்று கேள்விகளையும் கேட்டு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பிறகு நாளைக் காலை பசியாறும்போது கையில் இருக்கும் நாளிதழை எடுத்து, அதில் உள்ள கேலிச்சித்திரத்திற்கும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள். என்னைப் போல் படத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்து போய்விடாமல், கதையையும் கேளுங்கள்.